பி.எச். ஏழாக இருந்தால் போதுமா?

வேதிப்பொருள்களுக்கான பாதுகாப்புத் தரவுத்தாள்களைத் தயாரிக்கும் பணியில் நான் சேர்ந்த முதல் ஆண்டில், ஓர் உப்பைப் பற்றிய கோப்பு என் மேசைக்கு வந்தது. வெண்மையான தூள், நீரில் எளிதாகக் கரையும், கரைசலின் பி.எச். ஏறக்குறைய 7. தோல் எரிச்சல், கண் எரிச்சல் ஆகிய இரண்டு இடங்களிலும் அந்தப் பொருளுக்கென்று செய்யப்பட்ட சோதனை எதுவும் பதிவாகியிருக்கவில்லை. அமிலமும் அல்ல, காரமும் அல்ல, ஆகவே எரிச்சலூட்டும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை என்று வரைவில் எழுதிக் கொடுத்தேன். அதைச் சரிபார்த்த மூத்தவர் அந்த வரியை அடிக்கோடிட்டு, "இதன் நேரயனியை வரைந்து பார்த்தீர்களா?" என்று மட்டும் ஓரத்தில் குறித்துத் திருப்பி அனுப்பினார்.

வரைந்து பார்த்தேன். நடுவில் நேர்மின்னூட்டம் கொண்ட நைட்ரஜன் அணு. அதைச் சுற்றி நான்கு கார்பன் தொகுதிகள். அவற்றுள் ஒன்று பன்னிரண்டு கார்பன்களுக்கும் மேலாக நீண்டு கிடக்கும் வால். கிருமிநாசினிகளில் பயன்படும் பென்சல்கோனியம் குளோரைடுக்கு அது மிக நெருங்கிய உறவு. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த உப்புகள் நுண்ணுயிரியின் செல்சவ்வைக் குலைத்தே அதைக் கொல்கின்றன. அடர்த்தியாக இருக்கும்போது நம் கண்ணின் செல்சவ்வையும் அதே வழியில் குலைக்கும். பென்சல்கோனியம் குளோரைடு தோலை அரித்துப் புண்ணாக்கும் பொருளாகவே வகைப்படுத்தப்பட்டுள்ளது. அதன் கரைசலோ நடுநிலையை ஒட்டியது. என் வரைவு அப்படியே வெளியே போயிருந்தால், அந்தத் தூளை மூட்டையிலிருந்து கலனுக்குள் கொட்டும் ஒருவர், நான் எழுதிய வரியை நம்பிக் கண்ணை மூடும் கவசம் இல்லாமல் நின்றிருப்பார். அந்த எண்ணம் இன்றுவரை என்னை விட்டு நீங்கவில்லை.

அமிலமும் காரமும் ஒன்றையொன்று தணித்துக்கொண்டபின் எஞ்சுவதே உப்பு என்று பள்ளியில் படித்தது மனத்தில் ஆழப் பதிந்துவிடுகிறது. அதனால் உப்பு என்றாலே ஏற்கெனவே அடங்கிப்போன பொருள் என்ற எண்ணம் நம்மை அறியாமல் வந்துவிடுகிறது. உண்மையில், உலர்ந்த படிகத்துக்குள் அயனிகள் பூட்டப்பட்டிருக்கும் வரைதான் அந்த அடக்கம். ஈரத்தைச் சந்தித்ததும் அவை பிரிந்து, ஒவ்வோர் அயனியும் தன் இயல்புப்படி நடக்கத் தொடங்கும். கண்ணீரும் வியர்வையும் ஈரமே. எனவே ஓர் உப்பின் தீங்கை மதிப்பிடுவது என்பது, அது ஈரத்தில் என்னவாக மாறுகிறது, மாறியபின் உயிருள்ள திசுவை என்ன செய்கிறது என்று கேட்பதே ஆகும்.

முதலில் பலரும் பார்ப்பது நீராற்பகுப்பினால், அதாவது அயனி நீரோடு வினைபுரிவதால், வரும் பி.எச். மாற்றம். அது தவறில்லை, பி.எச். 2 அல்லது அதற்குக் கீழே, 11.5 அல்லது அதற்கு மேலே என்றால், வேறு சான்று இல்லாத நிலையில் அப்பொருளை அரிக்கும் தன்மையுடையதாகக் கருத உலகளாவிய ஒத்திசைவு வகைப்பாட்டு முறை இடமளிக்கிறது. ஆனால் எண்ணோடு சேர்த்து இருப்பையும் பார்க்க வேண்டும். ஒரே பி.எச். காட்டும் இரண்டு கரைசல்களில் ஒன்றை ஓரிரு துளி அமிலம் நடுநிலைக்குக் கொண்டுவந்துவிடும்; மற்றொன்று எவ்வளவு அமிலம் சேர்த்தாலும் விட்டுக்கொடுக்காமல் நிற்கும். அந்த எதிர்ப்புத் திறனைத்தான் கார இருப்பு என்றும், மறுமுனையில் அமில இருப்பு என்றும் சொல்கிறோம். திசுவின் தாங்கல் திறனோடு, அதாவது தன் பி.எச். மாறாமல் காத்துக்கொள்ளும் திறனோடு, மோதுவது அந்த இருப்புதான். எத்தனை சதவீதக் கரைசலில் அளந்தது என்று குறிப்பிடாத பி.எச். எண்ணைக் கண்டால் நான் அந்தத் தாளைத் திருப்பி அனுப்பிவிடுவேன். ஏனெனில் அந்த எண்ணிலிருந்து எதையும் முடிவு செய்ய முடியாது.

சலவைச் சோடா என்று நாம் அறிந்த சோடியம் கார்பனேட் இங்கே நல்ல பாடம். அதன் 1 சதவீதக் கரைசலின் பி.எச். 11-ஐத் தாண்டி 11.5-ஐ நெருங்கி நிற்கிறது. எண்ணை மட்டும் பார்ப்பவர் அதை அரிக்கும் பொருள் என்று எழுதிவிடக்கூடும். ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஒத்திசைந்த வகைப்பாட்டில் அது கடுமையான கண் எரிச்சலூட்டும் பொருளாக மட்டுமே இடம்பெற்றிருக்கிறது. தோலுக்கான வகைப்பாடு அதற்கு இல்லை. இதற்கு நேர்மாறாகத் துத்தநாகக் குளோரைடை எடுத்துக்கொள்ளலாம். அதன் கரைசல் மிதமான அமிலத்தன்மை உடையதே. ஆயினும் அது தோலை அரிக்கும் பொருள், ஏனெனில் அங்கே துத்தநாக அயனியே புரதங்களைப் பிடித்து உறையச் செய்கிறது. நான் தவறவிட்ட உப்போ இந்த வரிசையின் கடைசி முனை: பி.எச். நடுநிலை, விளைவு கடுமை. ஆகவே எல்லையைத் தாண்டிய பி.எச். எச்சரிக்கை மணியாகும் என்பது உண்மையே என்றாலும், எல்லைக்குள் இருக்கும் பி.எச். ஒருபோதும் நற்சான்றிதழ் ஆகாது.

அயனியின் இயல்பு என்று வரும்போது, மயில்துத்தம் எனப்படும் காப்பர் சல்பேட், சோடியம் மெட்டாபைசல்பைட், சோடியம் பெர்கார்பனேட் ஆகிய மூன்றும் கண்ணுக்குக் கடும் சேதம் விளைவிப்பவையாக வகைப்படுத்தப்பட்டவை. மூன்றும் வெவ்வேறு வழியில் அதைச் செய்கின்றன. முதலாவதில் உலோக அயனி. இரண்டாவதில் ஒடுக்கும் தன்மையும் (பிற பொருளுக்கு எலக்ட்ரான் தரும் இயல்பு) அமிலத்தன்மையும். மூன்றாவதில் காரத்தோடு வெளிப்படும் ஹைட்ரஜன் பெராக்சைடு. இதோடு கரையும்போது எழும் வெப்பத்தையும் மறக்கக் கூடாது. நீரற்ற கால்சியம் குளோரைடு கரையும்போது ஒரு மோலுக்குச் சுமார் 80 கிலோஜூல் வெப்பம் வெளிப்படுகிறது. அதே உப்பின் ஆறு நீர் மூலக்கூறுகள் கொண்ட படிகம் கரையும்போது வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. பெயர் ஒன்று, ஈரமான தோலில் இரண்டின் நடத்தையும் வேறு. தரவுத்தாளில் எந்த வடிவம் சோதிக்கப்பட்டது என்று எழுதாமல் விடுவது சிறு குறை அல்ல.

கண் ஏன் தோலைவிட எளிதில் பாதிக்கப்படுகிறது என்பதை அளவுகளே சொல்லிவிடும். தோலின் மேற்புறத்தில் இறந்த செல்களும் கொழுப்பும் சேர்ந்த ஒரு கொம்புப் படலம், பெரும்பாலான இடங்களில் 10 முதல் 20 மைக்ரோமீட்டர் தடிமனில், காவல் நிற்கிறது. கண்ணின் முன்புறத்தில் உள்ள ஒளிபுகும் படலமான கார்னியாவுக்கு அப்படி ஒரு காவல் இல்லை. அதன் மொத்தத் தடிமனே ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். அதன் மேலடுக்கில் ஐந்து முதல் ஏழு வரிசை உயிருள்ள செல்கள். அவற்றின் மேல் மெல்லிய கண்ணீர்ப் படலம், அவ்வளவுதான். கண்ணில் ஒரு சமயத்தில் இருக்கும் கண்ணீரின் அளவு சுமார் 7 மைக்ரோலிட்டர். வெறும் 5 மில்லிகிராம் தூள் விழுந்து, அது முழுவதும் அந்தக் கண்ணீரில் கரைந்ததாக வைத்துக்கொண்டு கணக்கிட்டுப் பாருங்கள்: எடையில் ஏறத்தாழ 40 சதவீதக் கரைசல். கண்ணீரோடு ஒத்துப்போகும் உப்புநீரின் செறிவு 0.9 சதவீதம் மட்டுமே. கரைதிறன் அவ்வளவுக்கு இடம் கொடுக்காவிட்டால் நிறைவுற்ற கரைசலும், கரையாத துகள்களும் இமைக்கு அடியில் தங்கும். இமைக்கும்போதெல்லாம் அத்துகள்கள் உரசும். உரசிய இடத்தில் இன்னும் கொஞ்சம் கரையும். நீர்த்த கரைசலில் தீங்கற்றதாகத் தெரியும் உப்பு, தூளாகக் கண்ணில் விழும்போது வேறு பொருளாக நடந்துகொள்வது இதனால்தான்.

கார உப்புகளுக்குக் கூடுதல் கவனம் தேவைப்படுவதற்கும் காரணம் உண்டு. அமிலம் மேற்பரப்பின் புரதங்களை உறையச் செய்கிறது. உறைந்த அடுக்கு ஓரளவுக்குத் தடுப்பாக அமைந்து, அமிலம் மேலும் உள்ளே போவதைத் தாமதப்படுத்துகிறது. காரமோ செல்சவ்வின் கொழுப்பைச் சோப்பாக மாற்றிக்கொண்டே ஆழத்துக்கு இறங்குகிறது. அதற்காக அமில உப்பை எளிதாக நினைத்துவிடவும் கூடாது: சோடியம் ஹைட்ரஜன் சல்பேட் கரைசலின் பி.எச். 2-க்குக் கீழே இறங்கும், அதுவும் கண்ணுக்குக் கடும் சேதம் என்ற வகையிலேயே இருக்கிறது.

இனி சோதனைகளைப் பற்றி. 1944-இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தில் பணியாற்றிய ஜான் டிரெய்ஸ் தம் சக ஆய்வாளர்களோடு வெளியிட்ட முறை, முயலின் தோலிலும் கண்ணிலும் பொருளை இட்டு, சிவப்பையும் வீக்கத்தையும் கார்னியாவின் கலங்கலையும் மதிப்பெண்களாகப் பதிவு செய்தது. பல பத்தாண்டுகளுக்கு அதுவே உலகின் அளவுகோல். இன்றைய வகைப்பாட்டு எல்லைகளும் அந்த மதிப்பெண்களின் மேல்தான் நிற்கின்றன. தோலில் நான்கு மணி நேரம் வைத்து எடுத்தபின், 24, 48, 72 மணி நேரங்களில் காணும் சிவப்பு அல்லது வீக்கத்தின் சராசரி, மூன்று விலங்குகளில் குறைந்தது இரண்டிலாவது 2.3 முதல் 4 வரை இருந்தால் எரிச்சலூட்டும் பொருள், அதாவது வகை 2. திசு மேல்தோலைத் தாண்டி அழிந்தால் அது அரிமானம், வகை 1. கண்ணில் 21 நாள்களுக்குள் முழுமையாக ஆறினால் எரிச்சல், ஆறாவிட்டால் கடும் சேதம். இந்த மீளுதல் என்ற கோடுதான் எனக்கு எப்போதும் மிக முக்கியமாகப் படுகிறது; தாளில் கண் எரிச்சலைக் குறிக்கும் எச்319 என்பதற்கும் கடும் சேதத்தைக் குறிக்கும் எச்318 என்பதற்கும் இடையே ஓர் எண்தான் வித்தியாசம், ஒரு மனிதருக்கோ அது சில நாள் சிவப்புக்கும் வாழ்நாள் பார்வைக் குறைவுக்கும் இடையிலான வித்தியாசமாக ஆகிவிடலாம்.

முயல் சோதனையை நான் முதல் வழியாகப் பரிந்துரைப்பதில்லை. அந்த விலங்குகளின் வேதனை ஒரு காரணம்; அதைச் சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. அறிவியல் காரணமும் உண்டு: முயலுக்கு மூன்றாவது இமை இருக்கிறது, அது நம்மைவிட மிகக் குறைவாக இமைக்கிறது, கலங்கலுக்கு மதிப்பெண் இடுவது பார்ப்பவரின் கண்ணைப் பொறுத்து மாறுகிறது. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பின் (ஓ.இ.சி.டி.) சோதனை வழிகாட்டிகளே இன்று படிப்படியான அணுகுமுறையைத்தான் வலியுறுத்துகின்றன. ஏற்கெனவே உள்ள மனிதத் தரவு, பழைய சோதனைகள், பி.எச்., கட்டமைப்பில் ஒத்த பொருள்களின் தரவு ஆகியவற்றை முதலில் ஒன்றுதிரட்ட வேண்டும். அதன்பின் ஆய்வுக்கூடத் திசுச் சோதனைகள். விலங்கு என்பது வேறு வழியே இல்லாத இடத்தில் மட்டும்.

திசுச் சோதனைகளில் நான் அதிகம் கையாள்வது, மனிதத் தோல் செல்களிலிருந்து வளர்க்கப்பட்ட மேல்தோல் மாதிரிகள். 439-ஆம் எண் வழிகாட்டியின்படி பொருளை அந்த மாதிரியின் மேல் இட்டு, கழுவி, 42 மணி நேரம் விட்டபின், எம்.டி.டி. என்னும் மஞ்சள் நிறச் சாயத்தை உயிருள்ள செல்கள் எவ்வளவு நீல நிறமாக மாற்றுகின்றன என்று அளக்கிறார்கள். உயிர்ப்புத்திறன், அதாவது பொருள் இடாத திசுவோடு ஒப்பிட்டால் உயிரோடு எஞ்சும் செல்களின் பங்கு, 50 சதவீதம் அல்லது அதற்குக் குறைவு என்றால் எரிச்சலூட்டும் தன்மை உறுதி. அரிமானத்துக்கு 431-ஆம் எண் வழிகாட்டி. அதில் 3 நிமிடம், 1 மணி நேரம் என்ற குறுகிய வெளிப்பாடுகள். கண்ணுக்கு, கார்னியாவின் மேலடுக்கைப் போல வளர்க்கப்பட்ட மாதிரியில் உயிர்ப்புத்திறன் 60 சதவீதத்தைத் தாண்டினால் வகைப்பாடு தேவையில்லை என்கிறது 492-ஆம் எண் வழிகாட்டி. இறைச்சிக்கூடத்திலிருந்து பெறப்படும் மாட்டுக் கண்ணின் கார்னியாவில் கலங்கலையும் ஊடுருவலையும் அளந்து ஒரே மதிப்பாக்கும் 437-ஆம் முறையில், அம்மதிப்பு 55-ஐத் தாண்டினால் கடும் சேதம், 3 அல்லது அதற்குக் கீழே என்றால் வகைப்பாடு இல்லை. இடைப்பட்ட பரப்பில் விழும் பொருளுக்கு அந்த ஒரு சோதனை மட்டும் விடை தராது. அங்கே இன்னொரு சான்று வேண்டும்.

உப்புகளைப் பொறுத்தவரை இந்தச் சோதனைகளில் சில பொறிகள் இருக்கின்றன, இவற்றை அறிக்கையின் முதல் பக்கத்தில் யாரும் எழுதுவதில்லை. முதலாவது ஈரம். உலர்ந்த தூளைத் திசுவின் மேல் தூவினால் அது பேசாமல் கிடக்கும். அதனால்தான் திண்மங்களைச் சில துளி நீராலோ தாங்கல் கரைசலாலோ நனைத்து இட வேண்டும் என்று வழிகாட்டிகள் கூறுகின்றன. நனைத்தார்களா, திசுவின் பரப்பு முழுவதும் தூள் படிந்ததா என்று நான் தேடிப் பார்ப்பேன். இரண்டாவது, ஒடுக்கும் தன்மை. சில பொருள்கள் உயிருள்ள செல்லின் உதவி இல்லாமலே எம்.டி.டி. சாயத்தை நீலமாக்கிவிடும், செத்த திசு உயிரோடு இருப்பதுபோல் தோன்றும். கொல்லப்பட்ட திசுவில் அதே பொருளை இட்டு, அந்தப் பொய்யான நீலத்தைக் கழித்தால்தான் உண்மை எண் கிடைக்கும். மூன்றாவது, உப்பின் சொந்த நிறம். நீலமும் பச்சையுமான உலோக உப்புகள் ஒளி அளவீட்டையே குழப்பக்கூடும். அதற்கும் தனிக் கட்டுப்பாட்டு மாதிரி வேண்டும். ஒடுக்கும் உப்பு ஒன்றுக்கு உயிர்ப்புத்திறன் 90 சதவீதம் என்று வந்த அறிக்கை ஒன்றில், இந்தக் கொல்லப்பட்ட திசுவின் கட்டுப்பாடு செய்யப்பட்டதற்கான தடயமே இல்லாததைக் கண்டு, அம்முடிவை ஏற்க மறுத்தேன். மறு சோதனையில் அந்த எண் பாதியாகக்கூட நிற்கவில்லை.

இங்கே ஒரு வேறுபாட்டையும் சொல்லிச் செல்ல வேண்டும். எரிச்சல் வேறு, ஒவ்வாமை வேறு. நிக்கல் உப்புகளும் டைகுரோமேட் உப்புகளும் உண்டாக்கும் ஒவ்வாமைத் தோலழற்சி, உடலின் தடுப்பாற்றல் முன்பே பழகி வைத்திருப்பதால் எழுவது. மிகச் சிறிய அளவே அதற்குப் போதும். எரிச்சல் சோதனையில் தேறிய உப்பு ஒவ்வாமையை உண்டாக்காது என்று பொருள் கொள்ள இயலாது.

என்னை மிகவும் வருத்துவது சோதனைகளின் குறை அல்ல, சொற்களின் குறை. "தரவு இல்லை" என்பதும், "கிடைத்த தரவின் அடிப்படையில் வகைப்பாட்டு அளவுகோல்களை எட்டவில்லை" என்பதும் முற்றிலும் வேறுபட்ட இரண்டு செய்திகள். முன்னது நாம் பார்க்கவே இல்லை என்கிறது. பின்னது பார்த்தோம், எல்லையைத் தொடவில்லை என்கிறது. ஆனால் எத்தனையோ தரவுத்தாள்களில், நச்சுத்தன்மையைப் பற்றிய 11-ஆம் பிரிவில் இவ்விரண்டும் "எரிச்சல் இல்லை" என்ற ஒரே சொல்லாகக் கரைந்துவிடுகின்றன. பின்னதற்கும்கூட ஒரு வரம்பு உண்டு: தோல் வகைப்பாடு என்பது நான்கு மணி நேரம் வரையிலான ஒரு முறைத் தொடுகையைப் பற்றியது. ஈரமான கையுறைக்குள் சிக்கிய கார உப்பு நாள்தோறும் மணிக்கணக்கில் தோலோடு ஒட்டியிருப்பதைப் பற்றி அந்தச் சோதனை எதுவும் சொல்வதில்லை. தோலுக்கு வகைப்பாடு இல்லாத சோடியம் கார்பனேட்டுக்கும் கையுறையை மாற்றும் வழக்கம் வேண்டும் என்று நான் எழுதுவது அதனால்தான்.

கலவையாக்கும்போது செறிவு வரம்புகள் வருகின்றன. கண்ணுக்குக் கடும் சேதம் விளைவிக்கும் உப்பு ஒரு கலவையில் 3 சதவீதம் அல்லது அதற்கு மேல் இருந்தால் அந்தக் கலவையும் அதே வகை. 1 முதல் 3 சதவீதத்துக்குள் என்றால் கண் எரிச்சல். இது பொதுவான கூட்டல் விதி. மிக வலிய அமிலங்கள், காரங்கள், பரப்பு இழுவிசையைக் குறைக்கும் பொருள்கள் ஆகியவற்றுக்கு இந்த விதியைக் கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்தக் கூடாது, 1 சதவீதத்துக்குக் கீழும் அவை தீங்கு செய்யக்கூடும் என்று அந்த வகைப்பாட்டு முறையே எச்சரிக்கிறது. என் பழைய உப்பு இந்த மூன்றாவது இனத்தைச் சேர்ந்தது.

அதன் கதையை முடிக்கிறேன். கட்டமைப்பில் ஒத்த உப்புகளின் தரவை முதலில் தொகுத்தோம். பின்னர் மேல்தோல் மாதிரியில் அரிமானச் சோதனைக்கு அனுப்பினோம். ஒரு மணி நேர வெளிப்பாட்டில் திசுவின் உயிர்ப்புத்திறன் 15 சதவீதத்துக்கும் கீழே விழுந்தது. தோலை அரிக்கும் பொருளைக் கண்ணுக்குக் கடும் சேதம் விளைவிப்பதாகவே கொள்ள வேண்டும் என்பது விதி. ஆகவே கண்ணுக்கென்று தனிச் சோதனை எதுவும் செய்யவில்லை, ஒரு முயலின் கண்ணும் அதற்காகத் தேவைப்படவில்லை. முதலுதவிப் பிரிவை மூன்று முறை திருத்தி எழுதினேன். தூள் இமைக்கு அடியில் தங்கும் என்பதால், இமைகளை விரல்களால் அகலப் பிரித்துப் பிடித்து, காண்டாக்ட் லென்ஸ் இருந்து எளிதில் வருமானால் அதை அகற்றி, ஓடும் நீரில் இடைவிடாமல் 15 நிமிடத்துக்குக் குறையாமல் கழுவ வேண்டும், கழுவுவதை நிறுத்தாமலே மருத்துவரை அழைக்க வேண்டும் என்று எழுதினேன். நடுநிலையாக்க வேறொரு கரைசலைக் கண்ணில் ஊற்றக் கூடாது என்ற வரியையும் சேர்த்தேன். பி.எச். 7 என்ற எண், இயற்பியல், வேதியியல் பண்புகளைத் தரும் ஒன்பதாம் பிரிவில் அப்படியே இருந்தது; அதன் பக்கத்தில், இந்த மதிப்பைக் கொண்டு எரிச்சல் தன்மையை முடிவு செய்யக் கூடாது, 11-ஆம் பிரிவைப் பார்க்கவும் என்று ஒரு குறிப்பை இட்டேன். மூத்தவர் இம்முறை எதையும் அடிக்கோடிடவில்லை, கையொப்பமிட்டு அனுப்பிவிட்டார்.